சாயாமல் நின்றாள்

தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கான் வாய்க்காலில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து ராக்காயிக்கு வேலை இல்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். விடிந்ததும் கொழுந்தெடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் போய்விட, வட்டகொடைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் அவளும் அடுப்பும் மட்டும் மிஞ்சுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் சுதர்ஷினி குவைத்தில் யாரோ வீட்டில் சமைக்கிறாள். மலையில் நிரை பிடித்து நின்றால் வாய் ஓயாமல் பேசலாம். சுவரிடம் எவ்வளவுதான் பேசுவது?

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் நிலக்ஷி மிஸ், அவளுடைய வலது இடுப்பின் பக்கவாட்டில் விரலை வைத்தாள்.

"இடுப்பெலும்புலேர்ந்து விசிறி மாதிரி எறங்கி, தொடையெலும்பு மேல வந்து ஒட்டுற தசை இது. எடது காலத் தூக்குனா, அந்தப் பக்கத்து இடுப்பு தொங்காம இதுதான் இழுத்துப் பிடிக்கணும். ஒங்களுக்குப் பலமில்லாம கெடக்கு. வலது கால்ல மட்டும் நில்லுங்க பாப்போம்."

நின்றாள். உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. கொழுந்தெடுத்த அத்தனை வருஷமும் சரிவில் மலைப் பக்கமே சாய்ந்து நின்ற உடம்பு, ஆஸ்பத்திரித் தரையிலும் மலையைத் தேடியது.

"சாஞ்சா தசைக்கு வேலையே இல்லீங்க. பின்னாலிருந்து யாராவது பாத்துச் சொல்லட்டும். நேரா நிக்க வந்தாத்தான் மலைக்குப் போகலாம்."

யாராவதாம். மிஸ்ஸுக்கு என்ன, சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் மகள் வீடியோவில் வந்தாள். போனை அரிசி வாளிமேல் நிறுத்தி, அதற்கு முதுகைக் காட்டி, ராக்காயி இடது காலைத் தூக்கினாள்.

"சாயுறம்மா."

நிமிர்ந்தாள்.

"எடது பக்கம் எறங்குது."

இழுத்துப் பிடித்தாள்.

"இப்பச் சரி. போதும்னு சொல்ற வரைக்கும் நில்லு."

இடுப்பு எரிந்தது. கால் நடுங்கியது. மகள் பார்க்கிறாளே என்ற சந்தோஷத்தில் காலை இறக்கவில்லை. போதும் என்ற சொல் மட்டும் வரவேயில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தால் போன் இருண்டு கிடந்தது. எப்போது கட்டானதோ. வெறும் வாளிக்கா இவ்வளவு நேரம் நின்று காட்டினோம் என்று அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

"சிக்னல் போயிருச்சும்மா. சாயாம நின்னியா? யாரு பாத்தா?"

ராக்காயி வாசலைப் பார்த்தாள். லயத்துக் கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வீட்டு வீரம்மா இந்நேரம் மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள்.

"வீரம்மா பாத்தா. எனக்குப் பின்னாலயே நின்னா," என்றாள். "கொஞ்சங்கூடச் சாயலையாம்."