ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே

சுலோஜனா சுவிஸில், ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். அன்று காலை இடைவேளைக்கு வந்து உட்கார்ந்தபோது கால்கள் இரண்டும் கடுத்துக்கொண்டிருந்தன. கோப்பியில் ஒரு வாய் குடித்ததும் கைப்பேசியில் சிவரூபினியின் பெயர் வந்தது. கோயிலில் பழக்கமான சிநேகிதி. தவறுதலாக உனக்கு ஓர் ஆறு இலக்கக் கோட் அனுப்பிவிட்டேன், அவசரம், அதை எனக்குத் திருப்பி அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தது. உண்மையிலேயே எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு கோட் வந்து கிடந்தது. இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதற்குக் கீழேயே எச்சரிக்கையும் இருந்தது. அந்த வரிக்குக் கண் போகுமுன் மேல்மாடியில் மணி அடித்தது. சுலோஜனா இலக்கங்களைத் தட்டி அனுப்பிவிட்டு ஓடினாள்.

பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். சிவரூபினி வாழ்க்கையில் ஒரு வரி எழுதினவள் இல்லை. எதுவென்றாலும் வாயால் பேசித்தான் அனுப்புவாள். இடையில் கறி தாளிக்கிற சத்தமும் கேட்கும். அந்தச் சிவரூபினி திடீரென்று ஜெர்மன் மொழியில், அதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கிற டொச்சில், பிழையில்லாமல் எழுதுகிறாள். அதைக்கூட யோசிக்காமல் அனுப்பினோமே!

வேலை முடிந்து உடை மாற்றும்போது வாட்ஸ்அப் திறக்கவில்லை. அதற்குள் கணவன் கிருபனிடமிருந்து அழைப்பு வந்தது. அவனுக்கு ஒரு பொருட்கிடங்கில் வேலை. பின்னால் வண்டிகள் பின்னோக்கிப் போகும் கூவல் கேட்டது.

"இஞ்சேரும், என்ன வேலை பாத்தனீர்? என்னட்டயே எண்ணூறு பிராங் கேட்டு எழுதியிருக்கு. திங்கட்கிழமை திருப்பித் தாறீராம்."

"ஐயோ, நான் எழுதேல்லையப்பா."

"அது எனக்குத் தெரியும். கலியாணம் கட்டின நாள் தொட்டு நீர் என்னட்ட எடுத்த காசைத் திருப்பித் தாறன் எண்டு ஒருக்காலும் சொன்னதில்லை. அதிலயே கள்ளன் எண்டு விளங்கிட்டுது."

அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் பொலிஸ்காரி அலுத்துப்போன முகத்தோடு கேட்டுக்கொண்டாள். அந்தக் கிழமையில் இதே கதையைச் சொன்ன முதல் ஆள் சுலோஜனா இல்லை. பொலிஸ்காரி சொன்னபடி வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்து, புதிதாக வந்த கோட்டைப் போட்டதும் கள்ளன் வெளியே போய்விட்டான். ஆனால் போவதற்குமுன் அவன் தன் சொந்த இரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். அதனால் சுலோஜனாவுக்கும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, திறக்காது.

"என் சொந்த வீட்டுக்கு நான் ஒரு கிழமை வெளியே நிற்க வேண்டுமா?"

"ஆம். நீங்கள் இருக்கும் குழுக்களில் உள்ள எல்லாருடைய எண்ணும் அவனுக்குக் கிடைத்திருக்கும். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்."

ஒவ்வொருவரையும்! கோயில் குழு, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழு, சீட்டுக் குழு, சாறிக் குழு, கிருபனின் குடும்பக் குழு. சுலோஜனா சமையலறை மேசையில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆற ஆற, ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள்.

முதலில் சிவரூபினி.

"ஓமடி, என்ரையும் நேற்றே களவு போட்டுது," என்றாள் அவள் மிகச் சாதாரணமாக.

"நேற்றேயோ? தெரிஞ்சுகொண்டு ஏனடி ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? வெக்கமா இருந்தது. ஏமாந்த மொக்கி எண்டு எல்லாரும் சிரிப்பினம்."

"நீ நேற்று ஒரு வசனம் சொல்லியிருந்தா நான் இண்டைக்கு ஏமாந்திருக்க மாட்டன்!"

"இப்ப நீ என்னில ஏன் பாயுறாய்? நான் என்ன கள்ளனோ?"

சூரிச்சில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வரதராசா அண்ணைக்கு வேறு கோபம். அவருக்கு அந்தச் செய்தி வரவில்லை. "சிவரூபினியின்ர மனுசனிட்டக் கேட்டிருக்கு. தயாநிதியிட்டக் கேட்டிருக்கு. என்னட்டக் கேக்கேல்ல. எங்களிட்ட இல்லையெண்டு நினைச்சனியோ பிள்ளை?"

"அண்ணை, கேட்டது நான் இல்லை. கள்ளன்."

"அது சரி. எண்டாலும்..."

என்ன எண்டாலும்? சுலோஜனாவுக்குக் கைப்பேசியைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. ஒருத்தி, இப்படித்தான் தன் தங்கைக்கும் நடந்தது என்று தொடங்கி அந்தத் தங்கையின் விவாகரத்துவரை சொன்னாள். இன்னொருவர், உண்மையில் கஷ்டம் ஏதும் இருந்தால் மறைக்க வேண்டாம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கஷ்டம் இல்லை என்று அவள் சத்தியம் செய்யச் செய்ய அவருடைய குரல் இன்னும் தாழ்ந்தது.

நல்லவேளை, யாரும் காசு அனுப்பவில்லை என்று அவள் ஆறுதல்பட்ட நேரத்தில் கைப்பேசி அடித்தது. லாங்கன்தாலிலிருந்து கோசலா அக்கா. கிருபனின் தமையன் தவராஜாவின் மனைவி. இரண்டு குடும்பமும் பேசி இரண்டு வருடத்துக்கு மேல். தவராஜாவின் மகளுடைய கலியாணக் கார்டில் அழைப்போர் வரிசையில் கிருபனின் பெயர் இருக்கவில்லை. கிருபன் கலியாணத்துக்குப் போகவில்லை. தமையனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. குடும்பக் குழுவிலிருந்து மட்டும் இருவரும் விலகாமல், ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தார்கள். அதனால் அந்த வீட்டைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தாள் சுலோஜனா.

"சுலோ," என்றாள் கோசலா மெதுவாக. "இப்ப கொஞ்சம் பரவாயில்லையோ? அவர் போட்ட காசு வந்ததோ?"

எந்தக் காசு என்று சுலோஜனாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"அக்கா, அது நான் இல்லை."

மறுமுனையில் கோசலா கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "இஞ்சேருங்கோ!" என்று உள்ளே கத்துவது கேட்டது.

அடுத்த நாள் சனிக்கிழமை. லாங்கன்தாலுக்குப் போகச் சுலோஜனா கிளம்பினாள். "நான் வரேல்ல," என்றான் கிருபன். "கார்டில பேர் போடாத மனுசன்ர வீட்டு வாசல்ல நான் ஏன் நிக்கிறன்?"

"உங்கட பேர் போடாத மனுசன் எனக்கெண்டு காசு போட்டிருக்கிறார். வெளிக்கிடுங்கோ."

ரயிலில் முழுவழியும் அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கதவைத் திறந்தது தவராஜா. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாத கண்கள். தம்பியைப் பார்த்தார், தம்பி கதவு நிலையைப் பார்த்தான். "வாங்கோ," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

சுலோஜனா உட்காரக்கூட இல்லை. "அத்தான், போனைத் தாங்கோ. என்ன எழுதியிருக்கெண்டு நான் பாக்க வேணும்."

அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மேலே அவளுடைய பெயர், கோயில் திருவிழாவில் எடுத்த அவளுடைய படம். கீழே கள்ளனின் டொச். எனக்கு ஓர் உதவி செய்ய முடியுமா, காசு அனுப்புகிற என் டுவின்ட் செயலி வேலை செய்யவில்லை, எண்ணூறு பிராங்கை இந்த எண்ணுக்குப் போடு என்று. எண் யாருடையதோ. அதற்குத் தவராஜா தமிழில் நீளமாகப் பதில் எழுதியிருந்தார்:

"பிள்ளை சுலோ, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. கிருபனுக்குச் சொல்லவும் மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்."

கள்ளன் நன்றி என்று ஒரு சொல் எழுதி, கூடவே இன்னும் ஐந்நூறு கேட்டிருந்தான். அதையும் போட்டிருந்தார்.

சுலோஜனாவுக்கு வந்தது கோபம்தான்.

"அத்தான், நான் எப்பவாவது உங்களோட டொச்சில கதைச்சனானோ?"

"இல்லை."

"உங்களை 'டூ' எண்டு, நீ எண்டு கூப்பிடுவனோ?"

"ரெண்டு வருசமாக் கதைக்கேல்ல. கோவத்தில அப்பிடி எழுதுறாய் எண்டு நினைச்சன்."

"கோவமா இருக்கிற ஆள் காசு கேக்குமோ?"

"கோவத்தையும் விட்டுட்டுக் கேக்கிற அளவுக்கு என்னவோ நடந்திருக்கு எண்டு நினைச்சன்."

"அப்ப ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே! ஒரு நிமிசம்! என்ர குரலைக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே!"

தவராஜா கைகளைப் பார்த்துக்கொண்டார். "போன் எடுத்தா நீ வாயால சொல்ல வேண்டி வரும். எழுத ஏலும், சொல்லுறது கஷ்டம். அதான் எடுக்கேல்ல."

அவருடைய நல்ல மனதை நினைக்க நினைக்கச் சுலோஜனாவுக்கு எரிச்சல் கூடியது. கள்ளனுக்கு அவள் குரலும் தேவைப்படவில்லை, அவள் மொழியும் தேவைப்படவில்லை. சிவரூபினிக்கு வெட்கம், இவருக்குக் கூச்சம், தனக்கு அவசரம். அவன் இருந்த இடத்திலிருந்து எழும்பாமல் வேலையை முடித்துவிட்டான்.

அதுவரை சுவரோரம் நின்ற கிருபன் வாயைத் திறந்தான். "நான் செத்துப்போனன் எண்டு எழுதியிருந்தாலும் நம்பிக் காசு போட்டிருப்பியள்."

"அப்பிடியெண்டா காசு போட்டிருக்க மாட்டன்," என்றார் தவராஜா. "வந்திருப்பன்."

கோசலா தேத்தண்ணியையும் வடையையும் கொண்டுவந்து வைத்தாள். கிருபன் நின்றபடியே கோப்பையை எடுத்தான். பிறகு, உட்கார்ந்தான்.

சமாதானம் வந்துவிட்டது என்று சுலோஜனா நினைத்தது தப்பு. கிருபன் அந்தக் காசைத் தான் தருவதாகச் சொன்னான்.

"நான் ஏமாந்ததுக்கு நீ ஏன் தாறாய்?"

"என்ர மனுசியின்ர பேரில ஏமாந்தனீங்கள்."

"நான் கடனுக்குக் குடுக்கேல்ல. உதவிக்குக் குடுத்தனான்."

"உங்கட உதவி எங்களுக்கு வேண்டாம்."

"அப்ப ஏன்ரா வந்தனீ?"

அங்கிருந்து பேச்சு கலியாணக் கார்டுக்குப் போனது. பெயர் விட்டது அச்சடித்தவன் என்றார் அண்ணன். பிழை பார்த்தது யார் என்று கேட்டான் தம்பி. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை இருவரும் ஒரு மணித்தியாலத்தில் கொட்டித் தீர்த்தார்கள். சுலோஜனாவும் கோசலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வடையைத் தின்றார்கள்.

திங்கட்கிழமை தவராஜா பொலிசிலும் வங்கியிலும் போய்ச் சொன்னார். தானாக அனுப்பிய காசைத் திருப்புவது கஷ்டம் என்றது வங்கி. காசு போன கணக்கு யாரோ ஒரு பெடியனுடையது, அவனும் கமிசனுக்குக் கணக்கை இரவல் கொடுத்தவன் என்று பல நாள் கழித்துப் பொலிசிலிருந்து தகவல் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கிருபன் கொடுத்த காசை அண்ணன் வாங்கவே இல்லை. இரண்டு தடவை கோசலாவிடம் கொடுத்துவிட்டான். இரண்டு தடவையும் அது தபாலில் திரும்பி வந்தது.

ஒரு கிழமை கழித்து சுலோஜனாவின் வாட்ஸ்அப் திறந்தது. முதல் வேலையாக அவள் ஒவ்வொரு குழுவிலும் தன் குரலில் பேசி அனுப்பினாள். தான் எப்படி ஏமாந்தாள், கள்ளன் எப்படி எழுதினான், யார் என்ன பெயரில் கேட்டாலும் கோட் கொடுக்கக் கூடாது, காசு என்றால் பழைய நம்பருக்கு எடுத்து ஆளோடு கதைத்த பிறகுதான் என்று, வெட்கத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வரதராசா அண்ணை அதற்குப் பூங்கொத்துப் படம் ஒன்றை அனுப்பினார்.

தவராஜாவோ அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டார். கிருபனும் அவரும் இன்னும் நேராகக் கதைப்பதில்லை. எல்லாச் சேதியும் சுலோஜனா வழியாகத்தான். அவள் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் உடனே கைப்பேசி அடிக்கும், அவர்தான். பிட்டு அவித்த படம் அனுப்பினால் அடிக்கும். ஒருநாள் காலை, ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் அடித்தது. சுலோஜனா கையுறையைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவோரம் போனாள்.

"சுலோ, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்கோ எண்டு எழுதியிருக்கு. நீதானோ?"

"நான்தான் அத்தான்."

"வடிவாத் தெரியுமோ?"

"அத்தான், நான் வேலையில நிக்கிறன்!"

"சரி, சரி. குரல் உன்ரதான்," என்றார் அவர் திருப்தியோடு. "அப்ப கிருபனுக்குச் சொல்லு, மீன் நான் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு. அவனுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது."