தாம்பரத்தின் சமக்குறி

1967 ஜூன் மாதம் முதல், தாம்பரத்தில் தெற்கு கேட் என்னும் ரயில்வே கேட்டைத் தாண்டியவர்களுக்கு மனதிலிருந்த பிளஸ் மைனஸானது, மைனஸ் பிளஸானது. மேற்கே கத்தரிக்காய் வேண்டாம் என்றவர்கள் கிழக்கே போய் இரண்டு கிலோ வாங்கினார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் மேற்கே நின்று ‘சுத்தப் புளுகு’ என்று எழுதினார். கிழக்கே போய் அதை அடித்துவிட்டு ‘முற்றிலும் உண்மை’ என்று எழுதினார். ரயில்கள் வழக்கம்போல ஓடின. வெங்காய விலை மட்டும் கொஞ்சம் ஏறியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் கிருபா. மேற்கே பெண்கள் பள்ளியில் அல்ஜீப்ரா எடுப்பவள். நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தபோது இரண்டு தண்டவாளமும் ஒரு நீண்ட சமக்குறியாகத் தெரிந்தன. சமன்பாட்டில் சமக்குறியைத் தாண்டினால் பிளஸ் மைனஸாகும். ஊரிலும் அதுதான் நடந்தது. அவளுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கிழக்கே இருக்கும் கத்தோலிக்கப் பையன், ஃபிட்டர் துரையை அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டி மெம்பரான அப்பா எலியேசர் முடியாது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வேறு மாப்பிள்ளையோடு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். கோவளத்து மீன் விற்கும் துரையின் அம்மா அருள்மேரியும் முடியாது என்றே சொல்லியிருந்தாள்.

கிருபா கேட்டுக்கொண்டபடி கேட்மேன் முனிரத்தினம் எலியேசரை டீ குடிக்கக் கிழக்கே அழைத்துப் போனார். “துரை தங்கமான பையன்யா!” என்றார் எலியேசர். மேற்கே திரும்பியதும், “அந்த மீன்காரம்மா பையனா? பேச்சே எடுக்காதே!” அருள்மேரியும் மேற்கே வந்தால் சம்மதித்தாள், கிழக்கே போனால் மறுத்தாள். எந்தப் பக்கம் இருவரையும் சேர்த்தாலும் ஒருவர் பிளஸ், ஒருவர் மைனஸ்.

சனிக்கிழமை இருபடிச் சமன்பாடு நடத்தும்போது கிருபாவின் சாக்பீஸ் பாதியில் நின்றது. தெரியாத எண் ஒன்று என்றால் பக்கம் மாற்றினால் போதும். இங்கே இரண்டு தெரியாதவை ஒன்றையொன்று பெருக்குகின்றன. இது ஒருபடி இல்லை, இருபடி! மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்; இரண்டு மைனஸும் பக்கம் மாறாமல் சந்திக்க வேண்டும். அவள் வகுப்பை விட்டு ஓடினாள்.

சாயங்காலம் மேற்கிலிருந்து அப்பாவைக் கிருபாவும், கிழக்கிலிருந்து மீன்கூடையோடு அம்மாவைத் துரையும் இழுத்து வந்து, தண்டவாளங்களுக்கு நடுவே, சமக்குறியின் மேலேயே நிறுத்தினார்கள்.

“உங்க பையன் எங்களுக்கு வேண்டாம்மா.”

“எங்களுக்கும் உங்க பொண்ணு வேணாம் சார்.”

எலியேசர் சிவந்துபோனார். “பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணும்மா! வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?”

“என் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? நீ எப்டி சார் வேணாம்னு சொல்லுவே?”

“அப்படியா? இவளைத்தான் அவன் கட்டணும்!”

“இவனைத்தான் அது கட்டிக்கணும்! பேச்சு மாறினே, கூடை பறக்கும்!”

“சம்பந்தி சண்டைய அப்பால வெச்சுக்கோங்க, செங்கல்பட்டு வண்டி வந்துகினு கீது!” என்று முனிரத்தினம் கொடியை ஆட்டினார்.

இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை என்பதால் கல்யாணம் இரண்டு முறை நடந்தது: காலையில் மேற்கே சி.எஸ்.ஐ. கோயிலில், மாலையில் கிழக்கே மாதா கோயிலில். கிருபாவும் துரையும் கைகோத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். சேர்ந்து தாண்டினால் இரண்டும் மாறும், பெருக்கி வரும் விடை மாறாது. கிழக்கே போயும் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததை ஊர் பார்த்தது. அதன்பிறகு தாம்பரத்தில் யாரும் தெற்கு கேட்டைத் தனியாகத் தாண்டுவதில்லை. துணைக்கு ஆள் கிடைக்காதவர்களை முனிரத்தினம் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்.