மனுவில் இழைத்த வசனம்

எங்கள் ஊர் ஆளுநர் சபைக்கு என்னைவிட அழகாக மனு எழுத ஆள் கிடையாது. இதைச் சொல்ல இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் இயைபு ஒலிக்கும். நடுவே குர்ஆன் வசனம் ஒன்றைத் தையல் தெரியாமல் கோத்துவிடுவேன். பிறந்ததிலிருந்து அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. எது வசனம், எது என் சொல் என்று கேட்பவர் தடுமாறிவிட்டால் அன்றைக்கு எனக்குப் பசியே எடுக்காது.

பக்கத்து வீட்டு ரைத்தா வந்தாள். அவள் கணவன் சினான் திஜ்லா ஆற்றில் படகோட்டி. தேடப்பட்ட ஒருவனை அக்கரை சேர்த்தான் என்று ஆறு மாதமாகச் சிறையில் கிடந்தான்.

"அண்ணே, இருமுனா ரத்தம் வருதாம். வெளிய விடச் சொல்லி ரெண்டு வரி எழுதிக் குடுங்கண்ணே."

"ரெண்டு வரியா? நான் எழுதுனா கல்லும் கரையும், பாரு."

நாற்பது வரி எழுதினேன். யூசுஃப் நபி கிணற்றில் தள்ளப்பட்டதையும் சிறையில் வாடியதையும் சொல்லும் வசனங்களை எடுத்து என் இயைபுக்குள் இழைத்தேன். அதற்கு மூன்று நாள் ஆனது. மூன்று நாள்!

சபையில் வாசித்தபோது ஆளுநர் தொடையில் தட்டினார். "அடடா! அந்தக் கெணத்து வரிய இன்னொரு தடவ படிய்யா!"

தீர்ப்பை மனுவின் பின்புறமே எழுதித் தருவது வழக்கம். அவரும் எழுதினார். எனக்கு ஒரு பட்டு அங்கியும் போர்த்தினார்கள். தெருவில் நான் நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

"என்னண்ணே எழுதியிருக்காரு? எப்ப விடுவாங்களாம்?" என்று வாசலிலேயே கேட்டாள் ரைத்தா.

அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். என் பேனாவைப் புகழ்ந்து, இயைபோடு இரண்டு வரி. சினான் பெயர்கூட இல்லை.

"நாளைக்கு" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் ஓடினால், ஆளுநர் வேட்டைக்குப் போயிருந்தார். நான்காம் நாள்தான் காலில் விழுந்து, 'விடுக' என்ற ஒற்றைச் சொல்லை வாங்கினேன். சிறைக் காவலன் தாளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"விடியக்காலையிலயே போயிட்டாருங்க. கடைசி வரைக்கும் யூசுஃப் அத்தியாயத்தத்தான் ஓதிக்கிட்டு இருந்தாரு."

அடக்கம் செய்தபோது ரைத்தா அழவில்லை. "அதையே ஓதுங்கண்ணே. வேதம் மட்டும் போதும்."

ஓதினேன். சிறைப் பகுதி வந்தது. அடுத்த வரி தானாக நாக்கில் வந்தது, ஓசை பிசகவில்லை. சுற்றி நின்ற ஆண்கள் உருகித் தலையாட்டினார்கள்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள் ரைத்தா. எழுத்தறியாதவள், கணவன் ஓதக் கேட்டே பாடமாக்கியவள். "அது வேதத்துல இல்ல. நீங்க எழுதுனது."

தேடினேன். எனக்கு அசல் வசனம் வரவே இல்லை. என் வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. அவளே எடுத்து, முடியும்வரை ஓதினாள். நான் குழியோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.