மூச்சுத்திட்டில் சிவப்புச் சட்டை

விடுதியின் மொட்டைமாடியில் பெரிய தொலைநோக்கி ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் நின்று கதை சொல்வதுதான் அவள் வேலை. எதிரே நிற்கும் சிகரத்தில் ஏறியவர்களை எண்ணிவிடலாம். அதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களை எண்ணி மாளாது. எவனோ விழுந்த கதை என்றால் நம் ஆட்களுக்குக் காது தானாக நீளும்.

"முதல்ல வந்த கூட்டம் பாதியிலயே திரும்பிடுச்சு. அடுத்த கூட்டம் திரும்பவே இல்ல. அதுக்கப்புறம் போன நாலு பேர்தான் உச்சியத் தொட்டாங்க, இறங்கி வந்தது ரெண்டே பேர்" என்று அன்று காலையும் ஆரம்பித்தாள். "செங்குத்துச் சுவருக்கு நடுவுல பலகை மாதிரி தெரியுதே, அதுதான் மூச்சுத்திட்டு. ஏறுறவங்க அங்க நின்னு நம்ம பக்கம் ஒரு கையத் தூக்குவாங்க. நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு கையும் தூக்கினா, காப்பாத்துங்கன்னு அர்த்தம். பாத்துட்டேன்னு நான் கண்ணாடியில வெயில அடிச்சுக் காட்டினதும் கைய இறக்கிடுவாங்க. ரெண்டு கை தூக்குறவன் என் சம்பந்தியா இருந்தாலும் எனக்குப் பிடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் குனிந்து தொலைநோக்கியைத் திருப்பினாள். சுவரில் தனியாக ஒரு சிவப்புச் சட்டை ஏறிக்கொண்டிருந்தது. முழங்கையில் மஞ்சள் ஒட்டு. அவள் கையால் தைத்த ஒட்டு.

அது அவள் புருஷனின் சட்டை. அந்தச் சுவரில்தான் கொழுந்தன் விழுந்து செத்தான். அன்றோடு அவள் புருஷன் மலையேற்றும் தொழிலை விட்டு, மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். பல் பிடுங்கிக்கொண்டு அக்கா வீட்டில் தங்கி வருகிறேன் என்று நேற்றுத்தான் கிளம்பினார்.

'பல்லா வலிக்குது உனக்கு? இறங்கி வா, மிச்சத்தை நான் பிடுங்குறேன்' என்று மனசுக்குள் கறுவினாள்.

"என்ன இன்னிக்கு இவ்வளவு கூட்டம்?"

பின்னால் புருஷன் நின்றிருந்தார். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. மறு நொடியே மறுபடி போனது.

"ஏங்க... உங்க சட்டையப் போட்டுட்டு அங்க ஏறுறது யாரு?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா எங்க?"

"கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுல தங்கிப் படிக்கிறேன்னு நேத்தே..."

"சாகுறதுக்கு முன்னாடி என் தம்பி எனக்குத் தெரியாம அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான்டி. கால் வைக்கிறதெல்லாம் அப்படியே அவன்தான்."

"யாருங்க அது? பெரிய ஆளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க பொண்ணு" என்றாள்.

மாடி முழுக்கக் கைதட்டல். ஒரு அம்மாள் அவள் தோளைத் தட்டி, "கொடுத்து வச்சவம்மா நீ" என்றாள். அவளைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

மகள் மூச்சுத்திட்டுக்கு வந்து சேர்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து இந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு கை உயர்ந்தது. கடவுளே, போதும், இறங்கி வரட்டும், ஒரு வார்த்தைகூடத் திட்டமாட்டேன் என்று தாய் வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது கையும் உயர்ந்தது.

"ரெண்டு கைங்க!" என்று அலறினாள். அவர் பஞ்சைத் துப்பிவிட்டு, மீட்புக்குழு அறைக்குப் படிக்கட்டில் விழுந்தடித்து ஓடினார். கதை கேட்டவர்களுக்கு அதற்குள் கதை மறந்துபோயிருந்தது. அவர்களும் இரண்டு கைகளையும் தூக்கி மலையைப் பார்த்து ஆட்டினார்கள்.

அவள் கண்ணாடியை எடுத்தாள். வெயில் பாறையெங்கும் ஓடியது, மகள் மேல் மட்டும் நிலைக்கவில்லை. "பாத்துட்டேன்டி, அம்மா பாத்துட்டேன்டி" என்று கத்திக்கொண்டே அடித்தாள். பிறகு தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

மகள் இரண்டு கையையும் இறக்கவில்லை.