சும்மா கொடுத்த வொஷர்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ராக்கம்மா பார்ப்பாள். பல்லோடு விடமாட்டாள், நாக்கையும் இழுத்துப் பார்ப்பாள். பண்டாரவளைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஆளையும் சாமானையும் நம்பாததால்தான் இத்தனை காலம் பிழைத்துக் கிடக்கிறோம் என்பது அவளுடைய முடிவு. யுத்தகாலக் கொழும்பில் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் றோஸி மேடத்தின் கெஸ்ட் ஹவுஸில் அவளுக்குச் சமையல் வேலை. அப்போது அங்கே தங்கியிருந்தவர் ஒரேயொரு இத்தாலிக்கார என்ஜினியர். அவருக்குக் காலையில் எஸ்பிரஸோ இல்லாவிட்டால் முகம் விடியாது. கைப்பிடியை அமுக்கி இறக்குகிற சின்ன மெஷின் ஒன்றை ஊரிலிருந்தே பெட்டியில் கொண்டு வந்திருந்தார். றோஸிக்கோ வடித்த ஃபில்டர் கோப்பிதான் வேண்டும். கரண்டில் ஓடுகிற கிரைண்டர் கருகியதோடு இரண்டு பேருக்கும் கோப்பி கெட்டது.

"ரெண்டுக்கும் ஆகிற மாதிரி கையால சுத்துற கிரைண்டர் ஒண்டு மருதானையில பார்த்து வாங்கிக்கொண்டு வா," என்றாள் றோஸி. "அந்த மனிசனும் போயிட்டா கெஸ்ட் ஹவுஸை மூட வேண்டியதுதான். பிறகு உனக்கு நான் என்னெண்டு கடிதம் தாறது?"

கடிதம் என்றது பொலிஸுக்குக் காட்டுகிற கடிதத்தை. இன்னார் என்னிடம் வேலை செய்கிறார், என் வீட்டில்தான் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ராக்கம்மாவின் பழைய கடிதம் அந்த மாதத்தோடு செல்லாது. கடிதம் இல்லாவிட்டால் அவளுக்குக் கொழும்பும் இல்லை. கோப்பி சரியாக வந்தால் கடிதம் வரும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மருதானையில் புவாத்தின் கடை, பழைய அடுப்பங்கரைச் சாமான்களைத் திருத்தி விற்கிற கடை. அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற அவர் இரண்டு கிரைண்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று புதுசு. மற்றது மரப்பிடி போட்ட, பாரமான பழசு. ராக்கம்மா முதலில் இரண்டையும் முகர்ந்து பார்த்தாள்.

"என்ன அக்கா மோந்து பாக்கிறீங்க?"

"நம்ம சனங்க கோப்பியோட கொத்தமல்லி, சுக்கு எல்லாத்தையும் போட்டு அரைக்குங்க நானா. சுக்கு பட்டா பல்லு போயிரும்."

பிறகு முந்தானையில் முடிந்து வந்த கோப்பிக்கொட்டையை அவிழ்த்தாள். புதுசில் திருகைத் தளர்த்தி ஃபில்டருக்கு அரைத்து, பேப்பரில் பரப்பினாள். ரவைபோல வர வேண்டியது. பாதி தூளாகவும் பாதி உடையாத கொட்டையாகவும் கிடந்தது. நடுத்தண்டைப் பிடித்து ஆட்டினாள், ஆடியது. பழசில் ரவை ரவையாகவே விழுந்தது. எஸ்பிரஸோவுக்குத் திருகை இறுக்கினாள். விரலில் தேய்த்தால் மாவைவிட ஒரு மயிரளவு கரகரப்பு. தண்டு அசையவில்லை. கழற்றச் சொல்லிப் பல்லுச் சக்கரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அடியில், தண்டை ஆடாமல் பிடித்திருக்கிற மெல்லிய வொஷரைக்கூட விடவில்லை.

"பழசத்தான் எடுக்கிறேன். ஏமாத்துனீங்கன்னா திரும்பி வருவேன்."

புவாத் சிரித்தார். ஸ்பெயாராக ஒரு வொஷரும் ஸ்பிரிங்கும் பேப்பரில் மடித்து நீட்டினார். "இது சும்மா. எல்லாருக்கும் தாரதுதான்."

"வேணாங்க. சும்மா குடுக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"சரி அக்கா," என்றார் புவாத். வாய்தான் சரி என்றது. வருடக்கணக்கான பழக்கம், கட்டும்போது அவர் கை தன்பாட்டில் பொட்டலத்தைக் கிரைண்டருக்குள் போட்டுவிட்டது. அவரும் கவனிக்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் அந்த இரும்பு உருளையைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய், அவளையே கழற்றச் சொன்னான். கடையில் அவள் கழற்றச் சொன்னதுபோலவே. அவசர அவசரமாகக் கழற்றினாள். உள்ளேயிருந்து பொட்டலம் விழுந்தது.

"மே மொனவாத?" இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

அந்த இடத்தில் தெரியாது என்ற சொல்லை மட்டும் சொல்லக் கூடாது. ராக்கம்மா அதைத்தான் சொன்னாள். "தன்னே நே மஹத்தயா! நான் வைக்கல. மருதானை புவாத் நானா வச்சது. வேணாம்னேன், அப்பவே எனக்குச் சந்தேகம்!" என்று அரைச் சிங்களத்தில் கொட்டினாள். பிரித்தால் ஒரு வொஷர், ஒரு ஸ்பிரிங். ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்காமல் கடைப் பெயரை நோட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு, பொட்டலத்தையும் வைத்துக்கொண்டான். அவள் மிச்சத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் எஸ்பிரஸோ தண்ணியாக ஓடியது. இத்தாலிக்காரர் கோப்பையைத் தள்ளி வைத்தார், றோஸி அவளை ஒரு பார்வை பார்த்தாள். தண்டைத் தொட்டால் ஆடியது. "பாவி, பழசக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று மருதானைக்கு ஓடினாள். கடை பூட்டியிருந்தது. ஓடிவிட்டான் என்றே தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை போனபோது கடை அரைவாசி திறந்திருந்தது. புவாத் உள்ளே இருந்தார். சவரம் செய்யாத முகம், இடது கன்னம் வீங்கியிருந்தது. கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தார்.

"வொஷர் இல்ல. கழட்டக்கொள்ள எங்கயோ விழுந்தீக்குது."

சாவடியில் அள்ளிக் கட்டியது அவள் நினைவுக்கு வந்தது. புவாத் டின்னிலிருந்து ஒரு வொஷரை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. புதுக் கொப்பி ஒன்றை விரித்து அவள் பக்கம் தள்ளினார்.

"பேரு, ஐடென்டிடி கார்ட் நம்பர், என்ன சாமான் வாங்கினீங்க, எல்லாம் எழுதி சைன் வைங்க."

"ஒரு வொஷருக்கா நானா?"

"அந்த வொஷருக்குத்தான் ரெண்டு நாள் பொலிஸில உள்ளுக்கு வெச்சிருந்தாங்க. யாரோ என்ட பேரச் செல்லீக்கிறாங்க. பொட்டலத்தக் காட்டி ஆருக்குக் குடுத்தாய் எண்டு கேட்டாங்க. எல்லாருக்கும் குடுக்கிற நான், ஆரெண்டு செல்ல?" கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க ஒராள்தான் அக்கா வேணாமெண்டு செல்லினீங்க. நான் சிரிச்சன். உங்கட புத்தி எனக்கு அண்டைக்கு இல்லாமப் போச்சே."

நான்தான் நானா என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் சொன்னால் மறுபடி பொலிஸ், மறுபடி விசாரணை, கடிதமும் இல்லை. கொப்பியில் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். புவாத் அவள் அடையாள அட்டையை வாங்கி, எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அடுத்த நாள் காலை எஸ்பிரஸோ தேன்போல இறங்கியது. இத்தாலிக்காரர் இன்னொன்று கேட்டார். மத்தியானமே றோஸி கடிதத்தை இங்கிலீஷில் எழுதி, அவளுக்குத் தமிழில் சொன்னாள்.

"இவர் முழு நம்பிக்கைக்கு உரியவர் எண்டு போட்டிருக்கிறன். சரிதானே? ஒருக்காப் பார்."

எதையும் இரண்டு தரம் பார்க்கிற ராக்கம்மா, "சரிங்க மேடம்" என்று பார்க்காமலே மடித்தாள்.