முப்பத்தைந்து போதும்

டாக்டர் மாற்றியது இடுப்பு எலும்பை மட்டும்தான். என் மகள் திஜானாவோ எனக்குக் காலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். டான்யூப் ஆற்றில் கப்பல் பயணம் போகலாம் என்று கூப்பிட்டவளும் அவள்தான். கிளம்புமுன், என் கேமராவுக்கு லென்ஸ் வாங்க நோவி சாத் நகரில் போரிவோயின் கேமரா கடைக்கு இழுத்துப் போனாள்.

முழங்கை நீளத்தில் ஒரு ஜூம் லென்ஸைத் தூக்கிக் காட்டினாள். "இதுல அக்கரைக் கொக்கோட கண்ணுகூடத் தெரியும்மா. மேல்தளத்துல உட்கார்ந்தபடியே எல்லாத்தையும் எடுத்துடலாம். நீ கரைல எறங்கவே வேண்டாம்."

அடிப்பாவி, இதற்குத்தானா இத்தனை அக்கறை? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆயுள் முழுக்கக் கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைத்தவள் நான். எக்காளம் ஊதுகிறவனின் எச்சில் லென்ஸில் தெறிக்கும், அவ்வளவு கிட்டத்தில் நிற்பேன்.

"போரிவோய், முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் எடு. ஜூம் இல்லாதது."

"அதுல பக்கத்துல போனாத்தாங்க முகம் பெரிசா விழும்."

"தெரியும்ப்பா. அதுக்குத்தான் கேக்குறேன்."

"கப்பல்லேருந்து எடுத்தா கோட்டையே குண்டூசித் தலை மாதிரி தெரியும்மா!" என்றாள் திஜானா.

"கப்பல்லேருந்து எவ எடுக்கப் போறா?"

"விழுந்தா? குளியலறைல கெடந்த உன்னைத் தூக்கினது நான்தான்." அவள் குரல் உடைந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. "தூக்கின. மறக்கல. அதுக்காக மிச்ச ஆயுசை நாற்காலில கழிக்கச் சொல்லாதே."

கோலுபாட்ஸ் கோட்டைக்கருகே கப்பல் நின்றது. கைத்தடி வைத்திருப்பவர்கள் மேலேயே இருக்கலாம் என்று வழிகாட்டி தேன் ஒழுகச் சொன்னான். முப்பத்தைந்தை மாட்டிய கேமராவோடு நான்தான் முதலில் இறங்கினேன். கரையில் ஒருத்தி கெளுத்தி மீனை அரிந்துகொண்டிருந்தாள். நான் நெருங்கிக்கொண்டே போனேன்.

"என்னக்கா, மூக்குக்குள்ளயே நுழைஞ்சுடுவீங்க போல!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேமராவில் விழுந்தது.

திரும்பினால் திஜானா. நான் விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"கையை எடுடி."

"அம்மா..."

"எடுன்னேன்."

எடுத்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்கலங்கி முறைத்தாள். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்து, அந்த முகத்தை எடுத்தேன். படம் ஆடவில்லை.