பாதையில் காய்ந்த மீன்

எங்கள் துறையில் ஓடும் பாதைக்கு மாடுகள் பயந்தன. பாதை என்பது வேறொன்றுமில்லை, இரண்டு பெரிய வள்ளங்களைப் பக்கம் பக்கமாய்ப் பிணைத்து, மேலே பலகைத் தட்டு அடித்து, கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்துப் போகிற மிதவை. பனிச்சங்கேணிப் பக்கத்தில் வடகரையில் இருக்கிற நாங்கள் வண்டியோடு வாவியைக் கடக்க வேண்டுமென்றால் அதில்தான் ஏற வேண்டும்.

தட்டு வழுக்கும். ஏன் வழுக்காது? எங்கள் ஆட்களுக்குப் பலகையைப் பாதுகாப்பது என்றால் அதன் தலையில் சுறா எண்ணெயை ஊற்றுவதுதான். கழுவமாட்டார்கள், சுரண்டமாட்டார்கள். போன வருசத்துச் சேற்றுக்கும் சாணத்துக்கும் மேலேயே இந்த வருசத்து எண்ணெயை ஊற்றிவிட்டு, பலகை மினுங்குகிறது என்று கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், மனிதனே சுவரைத் தேடுவான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அப்படி ஒரு மழையில் என் மனைவி ஜோசப்பினுக்கு வலி கண்டது. வண்டியில் படுக்கவைத்துத் துறைக்குக் கொண்டுவந்தேன். என் மாடு வெள்ளையன் தட்டில் ஒரு காலை வைத்தான். சறுக்கி முட்டியில் விழுந்தான், எழும்பிப் பின்வாங்கினான். அதன் பிறகு அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மாடு அசையவில்லை. கடைசியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆட்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளி ஏற்றி, தென்கரையில் வேறு மாடு தேடிப் பூட்டி, ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்திருந்தது. ஆண்பிள்ளை.

அதனால்தான் இந்த வருசம் அரசாங்க வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் வந்து, “மாரிக்கு முன்னம் தட்டத் திருத்தவேணும், ஆரு செய்யிற?” என்று கேட்டபோது அவர் வாயை மூடுமுன் நான் கையைத் தூக்கினேன். நான் வள்ளம் கட்டுகிற தச்சன். ஜோசப்பினுக்கு மறுபடி எட்டு மாதம். அவளைத் தென்கரைக்குக் கொண்டுபோகிற நாளில் என் மாடுகள் நிற்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை நடக்கும் நாட்களில் வண்டிகளுக்குப் பாதை இல்லை, ஆட்கள் தோணியில் போகட்டும் என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்க என்னைத் திட்டியது. திட்டட்டும். பாதைக்காரன் யாக்கோப்புவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழைய கறுப்பைச் சுரண்டத் தொடங்கினேன். அவன் இரும்புச் சுரண்டியை எடுத்ததும் பலகைக்குக் குறுக்கே இழுத்தான். கத்தினேன். ரேகை ஓடுகிற பக்கமாய் இழுத்தால் அழுக்கு வரும், குறுக்கே இழுத்தால் பலகையின் சதை வரும். இது தெரியாமல் இருபது வருசமாய் அந்தப் பலகையின் மேல் நின்று சம்பளம் வாங்கியிருக்கிறான்.

சுரண்டி முடித்துச் சாம்பல் கரைத்த சுடுதண்ணீர் ஊற்றி, தேங்காய்ப் பொச்சுமட்டையும் மணலும் வைத்துத் தேய்த்தோம். அலசுவதற்கு வாவித் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. ஆனால் அது உப்பு. உப்பு பலகைக்குள் போனால் வெளியே வராது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் எண்ணெய் பூசினால் கொப்பளித்து உரிந்துவிடும். ஆகவே கோயில் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்தோம். யாக்கோப்பு ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பெருமூச்சு விட்டான்.

உக்கிய பலகைகளைக் கழற்றி முதிரைப் பலகை போட்டேன். இடைவெளிகளில் தும்புத் திரி அடித்துக் குங்கிலியம் வைத்து இறுக்கினேன். கடைசி வேலை மட்டும் பாக்கி. குங்கிலியத் தூள் போட்டுக் காய்ச்சிய இலுப்பை எண்ணெயை மெல்லிசாய்ப் பூசவேண்டும். ஊறாமல் மேலே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். இரண்டாவது பூச்சு ஈரமாய் இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிட்டால் மாட்டின் குளம்புக்குப் பிடி கிடைக்கும். ஆனால் பூசிய எண்ணெய் இறுகும் வரைக்கும் தட்டில் ஒருவரும் கால் வைக்க முடியாது. அந்த நேரத்தில் அது பழைய தட்டைவிட மோசம்.

அந்த நினைப்புத்தான் என்னைத் தின்றது. எண்ணெய் இறுகுவதற்குள் ஜோசப்பினுக்கு வலி வந்தால்? இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று மருத்துவிச்சி அன்னப்பூரணி சொன்னாள். போன தடவையும் அவள் அப்படித்தான் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தால் வடகிழக்கு வானத்தைப் பார்ப்பேன். வானத்தைப் பார்த்துவிட்டு ஜோசப்பினின் முகத்தைப் பார்ப்பேன்.

“என்னப் பாத்துக்கொண்டிருந்தா பலகை காயுமா?” என்று அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டு காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சாக்கை விரித்து அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போவேன். காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் பூத்திருக்கும். இன்னும் இல்லை. மறுநாளும் இல்லை. பிறகு ஒரு காலை சாக்கின் அடியில் பலகை வெள்ளையாய், சுத்தமாய் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உடனே குடித்தது. யாக்கோப்புவைக் கட்டிப்பிடித்துவிட்டு எண்ணெய் காய்ச்ச வீட்டுக்கு ஓடினேன்.

காய்ச்சிய பானையைத் துணியில் பிடித்துக்கொண்டு மத்தியானம் துறைக்குத் திரும்பினேன். தட்டைக் காணவில்லை. தட்டு இருந்த இடமெல்லாம் மீன். பிளந்து உப்புப் போட்ட கட்டாவும் பாரையும் ஒரு விரல் இடமில்லாமல் வரிசையாய்க் கிடந்தன. நடுவில் என் மாமியார் செபஸ்தியம்மா ஒரு கம்போடு நின்று காகம் விரட்டிக்கொண்டிருந்தாள். யாக்கோப்பு தலையைச் சொறிந்துகொண்டு வடத்தின் பக்கத்தில் நின்றான்.

“மாமி! என்ன வேல இது?”

“ஏன் மருமகன், நல்லாக் காயுதே. ஒரு மணல் ஒட்டல்ல பாருங்க. இப்பிடி ஒரு இடம் இந்த ஊரில எங்க இரிக்கு?”

“இது உங்கட மீன் பரணா? பலகையக் காயவைக்கத்தானே நான் இவ்வளவு நாளா நாய்படாத பாடு படுறன்!”

“பலகையும் காயட்டும், மீனும் காயட்டும். வெயில் பொதுத்தானே? மழைக்கு முன்னம் காஞ்சாத்தான் அப்துல் கபூர் எடுப்பான். புள்ளப்பெறப்போற வீட்டுக்குச் செலவிரிக்கு, அது உங்களுக்கு விளங்குதா?”

அப்துல் கபூர் ஏறாவூர் மீன் வியாபாரி. பின்னேரத்தில் தென்கரைச் சந்திக்கு லொறியோடு வந்து, இருட்டுமுன் திரும்பிவிடுவான்.

நான் குனிந்து ஒரு மீனைத் தூக்கினேன். அடியில் மீனின் உருவமே உப்புத் தண்ணீராய்ப் பலகையில் பதிந்து கிடந்தது. வால் கூடத் தெரிந்தது. அன்றைக்கு நான் மாமியைப் பேசியதை இங்கே எழுதினால் கோயிலில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. கூடையில் பாதி மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு, “கப்பல் கட்டின ஆள் மாதிரிக் கத்துறாரு, ஒரு மிதவையத் தேச்சிப்போட்டு” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். மீதி மீன் தட்டிலேயே கிடந்தது.

வடகிழக்கில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. யாக்கோப்பு பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

“எண்ணெய் சூடா இரிக்கு. அடிச்சி விடு யோசேப். உப்பு ஆருக்குத் தெரியப்போகுது?”

தூரிகையை எண்ணெயில் தோய்த்தேன். மழைக்குமுன் ஒரு பூச்சாவது போய்விடும். கையைப் பலகைக்குக் கொண்டுபோனேன். உப்பின் மேல் பூசினால் மாரிக்குள்ளேயே தோல் உரிந்து, அந்த உரிந்த தோலின் மேல் என் மாடு சறுக்கும் என்று கண்ணுக்குள் தெரிந்தது. மறுபடி கழுவி, மறுபடி காயவைக்க வெயில் எங்கே? இரண்டு பக்கமும் பயம். கடைசியில் தூரிகையைப் பானைக்குள்ளேயே எறிந்துவிட்டு, “நாளைக்குக் கழுவுவம்” என்று சொன்னேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அந்த நேரம் மாமி திரும்பி ஓடிவந்தாள். கையில் கூடை இல்லை.

“மருமகன், வண்டியப் பூட்டுங்க. கெதியா!”

வீட்டில் அன்னப்பூரணி ஜோசப்பினின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரத்தமில்லை.

“புள்ள குறுக்கால கிடக்கு தம்பி. இது என்ட கையில அடங்காது. ஆசுபத்திரிக்குப் போகணும். தோணியில போட்டுக் குலுக்காதீங்க, படுத்தபடிதான் போகணும்.”

வைக்கோல் மேல் பாயை விரித்து ஜோசப்பினைத் தூக்கி வைத்தோம். மாமி அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். சந்தி வரைக்கும் என் வண்டி, அங்கிருந்து அப்துல் கபூரின் லொறி. அவன் புறப்படுமுன் சேரவேண்டும். தெருவில் பாதி தூரம் வந்தபோது தூறல் தொடங்கியது. ஜோசப்பின் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கிடந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

துறையில் யாக்கோப்பு மீதி மீனையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஏற்றுப்பலகையைப் போட்டு வைத்திருந்தான். நான் நுகத்தைப் பிடித்து மாடுகளை மெதுவாய்க் கொண்டுபோனேன். தட்டின் விளிம்பு வந்ததும் வெள்ளையன் நின்றான். அதே இடம், அதே மழை. அவன் காதைப் பின்னால் மடித்தான். அவன் நின்றதும் மற்ற மாடும் நின்றது.

“வா ராசா” என்றேன். அசையவில்லை. கயிற்றை இழுத்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்தான். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. போன தடவை அடித்துத்தான் என்ன கண்டேன்.

வண்டிக்குள்ளிருந்து ஜோசப்பினின் குரல் வந்தது.

“மாடு நிண்டிட்டுதா?”

வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லில் போன தடவையின் முழு நாளும் இருந்தது.

“இல்ல புள்ள. நான்தான் நிப்பாட்டினன். வடம் சரிபாக்கிறான் யாக்கோப்பு” என்று பொய் சொன்னேன்.

வெள்ளையன் தலையைத் தாழ்த்திப் பலகையை மோந்தான். மூக்கைச் சுருக்கினான். மறுபடி மோந்தான். பிறகு அவனுடைய பெரிய சொரசொரத்த நாக்கு வெளியே வந்து முதல் பலகையை ஒரு நக்கு நக்கியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் இன்னொரு தடவை நக்கினான். பிறகு முன்காலைத் தூக்கித் தட்டில் வைத்து, அடுத்த பலகையை நக்கினான். கால் சறுக்கவில்லை. எண்ணெய் ஏறாத, தேய்த்த வெறும் பலகை குளம்பைப் பிடித்துக்கொண்டது. மற்ற மாடு தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பயந்ததுபோல் அவசரமாய் ஏறியது. இரண்டும் மீன் கிடந்த இடங்களைத் தேடித் தேடி நக்கிக்கொண்டு, அடி அடியாய், வண்டியையும் இழுத்துக்கொண்டு தட்டின் நடுவுக்கு வந்துவிட்டன.

யாக்கோப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“இழுடா வடத்த!” என்று கத்தினேன். என் கண்ணீர் மழையில் கலந்து ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. காய்ச்சிய எண்ணெய்ப் பானை வடகரையில் தூரிகையோடு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு கை அளவாவது பலகைக்குப் போயிருந்தால் என்று நினைத்தேன். வண்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கரையில் மாடுகளை இறக்குவதுதான் கஷ்டமாய் இருந்தது. உப்பை விட்டு வர மனமில்லை. சந்தியில் அப்துல் கபூர் லொறிக்குள் ஏறிக்கொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் இறங்கி, ஒரு கேள்வி கேட்காமல் கருவாட்டு மூட்டைகளைத் தெருவோரத்தில் இறக்கிப் போட்டு இடம் செய்து கொடுத்தான்.

மறுநாள் காலை ஆசுபத்திரி விறாந்தையில் மாமியும் நானும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். முந்தின மத்தியானச் சண்டைக்குப் பிறகு, வண்டியைப் பூட்டச் சொன்னதைத் தவிர, அவள் என்னோடு பேசவில்லை. கதவைத் திறந்துகொண்டு தாதி மிசியம்மா வந்து, பெண்பிள்ளை என்றும், தாய் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள் என்றும் சொன்னாள். உள்ளே பிள்ளை கத்துகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு கத்தல், என்னைப்போலவே. மாமி சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு அவள் வெளியே மழையைப் பார்த்தாள்.

“அப்ப பாதையில கிடந்த மீதி மீன் எல்லாம் நனைஞ்சி போயிருக்குமே, மருமகன்?”

“ஓம் மாமி. போயிருக்கும்.”

“வெயில் வந்ததும் புது மீன் வாங்கி உப்புப் போடத்தான் வேணும். ஆனா எங்க காயப்போட?”

“ஏன், பாதையிலதான்” என்றேன். “நான் பிறகு கழுவிக்கொள்ளுறன்.”